தொலைக்காட்சித் தொடர்களும் வீட்டுத் தீர்ப்புகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை



பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் பாட்டி மதியம் முழுக்க சீரியல் பார்க்கிறார். பிள்ளையும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். இதனால் அவன் கெட்டுப்போய்விட மாட்டானா, டீச்சர்?" என்பதே அது. வீட்டுப்பாடம் முடிந்த பிறகு அளவோடு பார்க்கட்டும் என்பது நாம் எல்லாரும் சொல்லும் விடை. அந்த விடையில் பிழையில்லை. ஆயினும், பாட்டி தொடரைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறாரா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாட்டி பேசுகிறார். "இவளுக்கு என்ன பைத்தியமா, வீட்டுப் பத்திரத்தைப் போய் இவனிடம் கொடுக்கிறாள்?" என்கிறார். "நடிக்கவே தெரியாதவனைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்" என்கிறார். "கதை எழுதுகிறவனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, இழுக்கிறான்" என்கிறார். ஒரே மூச்சில் கதைமாந்தரையும் நடிகரையும் எழுத்தாளரையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததன்று. தமிழில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, நம் பிள்ளைகளின் தமிழுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சில் தொடங்கிய வாதம்

தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலத்திற்கு முன்பே தமிழர்கள் தொடர்கதைக்கு அடிமையாகிவிட்டார்கள். வார இதழ் வரும் நாளில் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று போட்டி நடந்த காலம் அது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வீடுகளும் உண்டு. அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தியத்தேவனோடு குதிரையேறிய வாசகர்கள், கதை முடிந்ததும் சும்மா இருக்கவில்லை. இன்னின்னார் பிறகு என்ன ஆனார்கள், கதையை ஏன் இப்படி முடித்தீர்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கு விடை கூறும் வகையில் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்நாவலின் இறுதியில் அம்முடிவுரையைக் காணலாம். ஓர் எழுத்தாளர் தம் வாசகர்களைச் சரிசமமாக மதித்துப் பதில் கூறிய அரிய சான்று அது.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' இன்னொரு வகைச் சான்று. அந்தத் தொடர்கதையின் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. கதையைப் படித்த பெற்றோர்கள் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சூட்டினார்கள். ஒரு கதைமாந்தரைப் பற்றி இதைவிட உயர்ந்த கருத்தை ஒரு வாசகரால் தெரிவிக்க முடியுமா? பிற்காலத்தில் அக்கதை தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் அரவிந்தனாக நடித்தவர், 2021-இல் தமிழக முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின்.

எல்லாக் கருத்தும் பாராட்டாகவே இருந்துவிடுவதில்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை 1966-இல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. தவறிழைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை அவளுடைய தாய் வெறுத்து ஒதுக்காமல் அரவணைத்துக் கொண்டதை ஏற்றுக்கொள்ள இயலாதவர்கள் பலர் இருந்தனர். ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தத் தாய் அவ்வாறு அரவணைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று ஒரு நாவலாகவே எழுதிக் காட்டினார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அந்நாவலுக்கு 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வாசகர்கள் கதையோடு சண்டையிட்டதால் தமிழுக்கு ஒரு சிறந்த நாவல் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

சவர்க்காரத் தொடரும் ஓர் ஆசிரியையும்

தமிழ் இதழ்களில் எழுத்துவழி நடந்துகொண்டிருந்த இந்த வாதம், கடல்கடந்த அமெரிக்காவில் வானொலி வழியாக வேறு வடிவம் எடுத்திருந்தது. பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களுக்கெல்லாம் மூதாதை அங்கேதான் பிறந்தது என்பதால் அதையும் சற்றுப் பார்ப்போம்.

1930-இல் சிக்காகோ நகர வானொலி நிலையம் ஒன்றில் 'பெயிண்டட் டிரீம்ஸ்' என்னும் தொடர் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பகல் நேரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காகவே அமைந்த தொடர் அது. அதை எழுதியவர் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி. நம் துறையினர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. வானொலிக்கு வருமுன் அவர் ஓர் ஆசிரியை. ஒகாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தவர்.

வீட்டுப் பெண்கள் கேட்கும் நிகழ்ச்சி என்பதால் சவர்க்கார நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு விளம்பரம் கொடுத்தன. ஆகவே இவ்வகைத் தொடர்களுக்குச் 'சோப் ஓப்பரா' என்னும் கேலிப்பெயர் ஏற்பட்டது. கேலி நாடகத்தின்மீது மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர்கள் வீட்டுப் பெண்கள் என்பதால் அவர்கள் கேட்பதும் மலிவானது என்னும் எண்ணம் அப்பெயரில் ஒட்டியிருக்கிறது. இர்னா பிலிப்ஸ் 1937-இல் தொடங்கிய 'தி கைடிங் லைட்' வானொலியிலிருந்து 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் வரை, மொத்தம் 72 ஆண்டுகள் நீடித்தது. பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறையினர் ஒரே கதையைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது. மலிவானது என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இத்தனை காலம் நிலைத்ததற்கு அந்தக் குடும்பப் பேச்சும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நம் தீவில்

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கேயும் வானொலிதான் முன்னோடி. 1960-களின் இறுதியில் சிங்கப்பூர் வானொலியில் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்னும் நகைச்சுவைத் தொடர் நாடகம் ஒலியேறியது. எழுதியவர், புதுமைதாசன் என்னும் புனைபெயரால் அறியப்படும் பி. கிருஷ்ணன். பின்னாளில், 2008-இல், கலாசாரப் பதக்கம் பெற்றவர். கம்பத்து வீடுகளைவிட்டு வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. புதிய வீடு, புதிய அண்டை வீட்டார், புதிய தொல்லைகள் ஆகியவற்றை 52 வாரங்கள் நகைச்சுவையோடு சொன்ன நாடகம் பின்னர் நூலாகவும் வந்தது. கதை நடப்பது நம் வீட்டு வாசலில் என்பதால் கேட்பவர்களும் உரிமையோடு கருத்துச் சொல்ல முடிந்தது. "எங்கள் புளோக்கிலும் ஓர் அண்ணாசாமி இருக்கிறார்" என்று சொல்வதற்கு வாய்ப்புத் தந்த நாடகம் அது.

தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது ஒளிவழியாக ஒளிவழி 8 தொடங்கப்பட்டு, சீன நிகழ்ச்சிகளோடு தமிழ் நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. தொலைக்காட்சிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக நிலையங்களில் கூடிப் பார்த்தார்கள். எல்லா இனத்தவரும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்த காலம். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவு. குறைவாகக் கிடைத்ததால் அதைத் தவறவிடாமல் பார்த்தார்கள். மறுநாள் வேலையிடத்திலும் சந்தையிலும் அதைப் பற்றியே பேசினார்கள்.

2000 ஜனவரி 30-இல் வசந்தம் சென்ட்ரல் தொடங்கியது. 2008 அக்டோபர் 19 முதல் வசந்தம் தனி ஒளிவழியானது. 'வேட்டை' போன்ற உள்ளூர்த் தொடர்கள் நம் தெருக்களையும் நம் பேச்சையும் திரையில் காட்டின. இதற்கிடையே தேக்காவின் ஒளிநாடாக் கடைகள் வழியாகவும், பிறகு கம்பிவடத் தொலைக்காட்சி வழியாகவும் தமிழகத் தொடர்கள் நம் வரவேற்பறைகளுக்குள் வந்து சேர்ந்தன.

நான் வசிக்கும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு குன்று இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில், 1942-இல், போர்க் கைதிகளின் உழைப்பால் அதன் உச்சியில் ஒரு போர் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இன்று அந்தச் சின்னம் இல்லை. ஏறிச் செல்லும் 120 படிகள் மட்டும் எஞ்சியுள்ளன. உச்சியில் ஒலி, ஒளிபரப்புக்கான கோபுரம் நிற்கிறது. 2019 ஜனவரியில் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு மின்னிலக்க ஒளிபரப்பு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. போரின் நினைவுக்காகச் செதுக்கிய குன்றின்மேல் மக்களின் கதைகளைச் சுமக்கும் கோபுரம் நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் காட்சி. அலைகள் புறப்படும் இடத்தை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அவை போய்ச் சேரும் வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை.

நான்கு லட்சம் கடிதங்கள்

அவ்வாறு எழுதி வைக்கப்பட்ட ஒரு நிகழ்வு இந்தியாவில் உண்டு. 1984 ஜூலை 7-இல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. கதைவழி சமூகக் கருத்துகளைப் பரப்பலாம் என்று மெக்சிகோ நாட்டில் மிகேல் சபிதோ செய்து காட்டிய முறையைப் பின்பற்றியே இத்தொடர் திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, பார்வையாளர்களிடம் கதையைப் பற்றிச் சில சொற்கள் பேசி, அவர்களைக் கருத்தெழுதத் தூண்டுவார். 1985 டிசம்பரில் தொடர் முடிவதற்குள் ஏறத்தாழ நான்கு லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன! அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இத்தொடரையும் அதற்கு வந்த கடிதங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் தூக்கலாக இருந்ததை மக்கள் விரும்பவில்லை. முதல் 13 பகுதிகளுக்குப் பிறகு பிரச்சாரத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். அதன் பின்னரே தொடர் வெற்றி பெற்றது. அறிவுரையை நேரடியாகக் கொட்டினால் பெரியவர்களும் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்பது அதனால் விளங்குகிறது.

இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. அத்தொடரில் பாகவந்தி என்னும் தாய் வருகிறார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தம்மைத் தேய்த்துக்கொள்ளும் பெண். இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். ஆனால் பார்த்தவர்களில் கணிசமானோர் அவரையே பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று போற்றினார்கள். எழுதியவர் ஒன்று நினைக்க, பார்த்தவர் வேறொன்று கண்டார். ஒரு கதையைக் காட்டிவிட்டால் அதன் கருத்தும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணலாகாது. அதைப் பற்றிப் பேசினால்தான் யார் எதை எடுத்துக்கொண்டார் என்பது தெரியவரும்.

சித்தியும் அபியும்

இந்தி அறியாத சென்னையில் 'ஹம் லோக்'குக்கு வட இந்தியாவில் கிடைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. தமிழுக்குரிய தொடர் காலம் 1990-களில் மலர்ந்தது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் வாரம் ஒருமுறை வந்த தொடர்கள் இருந்தன. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' அவற்றுள் புகழ்பெற்றது. அத்தகைய தொடர்களில் எழுத்தாளரின் பெயர் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. "இந்திரா சௌந்தர்ராஜன் கதை" என்று சொல்லியே பார்த்தார்கள். வார இதழ் வாசகரின் மரபு அதில் எஞ்சியிருந்தது.

1999 டிசம்பர் 20-இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதும் நிலைமை மாறியது. நாள்தோறும் வரும் நெடுந்தொடர்களின் காலம் வந்தது. 'சித்தி' 2001 நவம்பர் வரை 467 பகுதிகள் ஓடியது. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கதைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு, சித்தி என்னும் சொல்லையே வேறு கோணத்தில் காட்டிய தொடர் அது. அடுத்து வந்த 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை 811 பகுதிகள். இயக்கியவர் திருமுருகன். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் கதை. டெல்லி குமார் அத்தந்தையாக வாழ்ந்து காட்டினார். பெண்களைக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஏதாவது நடந்தால், பார்ப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததாகவே எண்ணிப் பொருமினார்கள்.

பிறகு 'கோலங்கள்'. 2003 நவம்பர் 24-இல் தொடங்கி 2009 டிசம்பர் 4-இல் முடிந்தது. பகுதிகளின் எண்ணிக்கை 1,500-க்கும் மேல். இதை என்னைப் போன்ற ஆசிரியரின் கணக்கில் சொல்வதானால், 2004 ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளை, 2009-இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதி முடிக்கும் வரை அத்தொடர் ஓடியது. ஒரு முழுத் தொடக்கப்பள்ளிப் பருவம்! தேவயானி நடித்த அபி என்னும் பெண், மணவாழ்வு முறிந்த பின்னர்த் தன் சொந்த உழைப்பில் கட்டுமானத் தொழில் நடத்தி எழுந்து நிற்பவள். அவள் கணவனோடு மீண்டும் சேர வேண்டுமா, நண்பன் தொல்காப்பியனை மணக்க வேண்டுமா, யாரும் வேண்டாமென்று தனித்தே நிற்க வேண்டுமா என்று வீடுகள் இரண்டுபட்டன. அக்காலத்தில் மணமுறிவு பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்கிய குடும்பங்களில்கூட, அபியைச் சாக்காக வைத்து மாமியாரும் மருமகளும் அதைப் பேச முடிந்தது. தம் வீட்டைப் பற்றிச் சொல்ல இயலாததை அபியின் வீட்டைப் பற்றிச் சொன்னார்கள். தொடர் தந்த பெரிய வசதி இதுவே.

இதில் ஒரு சுவையான முரண் உண்டு. 'கோலங்கள்' தொடரை எழுதி இயக்கிய திருச்செல்வமே அதில் தொல்காப்பியனாகவும் நடித்தார். கதை பிடிக்காதபோது திட்டுவதற்கும், பாத்திரம் பிடித்தபோது பாராட்டுவதற்கும் ஒரே முகந்தான்!

கருத்து எண்ணிக்கையான கதை

வார இதழ்க் காலத்தில் வாசகர் கடிதம் எழுதினார். நாள்தொடர்க் காலத்தில் அவருடைய கருத்தை அறிய வேறொரு கருவி வந்தது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்த நேரத்தில் எந்த ஒளிவழி ஓடுகிறது என்று கணக்கெடுக்கும் முறை அது. டிஆர்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். இந்தியாவில் 2015 முதல் பார்க் என்னும் அமைப்பு இக்கணக்கை வெளியிட்டு வருகிறது. அதற்கு முன்பும் வேறு அமைப்புகள் இதைச் செய்தன. விளம்பரக் கட்டணம் இந்த எண்ணைப் பொறுத்தது. ஆகவே ஒரு பாத்திரம் வளர்வதும் மறைவதும், தொடர் நீள்வதும் முடிவதும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தவையே.

கடிதத்திற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். கடிதம் 'ஏன்' என்பதைச் சொல்லும். எண் 'எத்தனை' என்பதை மட்டும் சொல்லும். கோபத்தோடு பார்ப்பவரும் ஆசையோடு பார்ப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றே. பிடிக்கவில்லை என்று திட்டிக்கொண்டே பார்க்கும் பாட்டி, அந்தக் கருவிக்குத் தொடரின் தீவிர ஆதரவாளர். கன்னத்தில் அறையும் காட்சிகளும், சதித்திட்டங்களும், முடிவே இல்லாத பழிவாங்கலும் தொடர்களில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தொடர்களில் குறையே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளைப் பிள்ளைகள் பார்க்க நேரும்போது பெரியவர்கள் வாய்மூடி இருக்கக் கூடாது.

சிங்கப்பூர்ப் பார்வையாளர்களாகிய நாம் இந்தியக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு பாட்டி எவ்வளவு உரக்கத் திட்டினாலும் சென்னையில் ஒரு வசனமும் மாறப்போவதில்லை. அப்படியானால் அந்தப் பேச்சு வீணா? வீணில்லை. கதையை மாற்ற உதவாத அந்தப் பேச்சு, பக்கத்தில் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளையின் மொழியை மாற்றிக்கொண்டிருக்கிறது.

நடிகர் வேறு, பாத்திரம் வேறு

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு வகுப்பறைக்கு வருகிறேன். அதே திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் நிறைவுற்றது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களை அடுப்படியோடு கட்டிப்போடும் ஒரு குடும்பம். அதன் தலைவர் ஆதி குணசேகரன். அவரிடம் சிக்கிய ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் மெல்ல மெல்லத் தலைநிமிர்வதே கதை. குணசேகரனாக நடித்தவர் இயக்குநரும் நடிகருமான ஜி. மாரிமுத்து. அந்தக் கொடுமைக்காரரைப் பார்த்து மக்கள் பல்லைக் கடித்தார்கள். அதே வேளையில் அவர் பேசும் தோரணையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதட்டி அழைக்கும் பாணியைச் சிறுவர்களும் செய்துகாட்டினார்கள்.

2023 செப்டம்பர் 8-ஆம் நாள் மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். அன்று காலை அத்தொடருக்குக் குரல் கொடுக்கும் பணியில் இருந்தபோதுதான் அவருக்கு உடல்நலம் குன்றியது. நேற்று வரை குணசேகரனைத் திட்டியவர்கள் மாரிமுத்துவுக்காகக் கண்ணீர் வடித்தார்கள். ஒருவரையே வெறுக்கவும் நேசிக்கவும் மக்களால் முடிந்தது எப்படி? நடிகரையும் பாத்திரத்தையும் பிரித்தறியும் தெளிவு அவர்களிடம் இருந்ததனால்தான். பிறகு அந்த வேடத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். உடனே ஒப்பீடு தொடங்கிவிட்டது. குரல், பார்வை, கோபத்தின் அளவு, உச்சரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். அதற்குத் திறனாய்வு என்று பெயர். பல்கலைக்கழகத்தில் செய்தால் மதிக்கிறோம். சோபாவில் அமர்ந்து செய்தால் பொழுதுபோக்கு என்கிறோம்.

வகுப்பறையில் நாம் காண்பது

2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர் இந்தியர்கள் 42.9 விழுக்காட்டினர். 2010-இல் அது 36.7 விழுக்காடாகக் குறைந்தது. இடையில், 2005-இல், தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் அளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசினால்தான் மொழி வாழும் என்பது அதன் சாரம். 2017 முதல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்து உரையாடும் முறை வந்தது. மாணவர் ஒரு காட்சியைப் பார்க்கிறார். பிறகு அதைப் பற்றித் தம் கருத்தைச் சொல்கிறார். பாட்டி தினமும் செய்வதும் இதைத்தானே!

தேர்வுக்குப் பயிற்சி அளிக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் விடை ஒன்று உண்டு. "இது ஒரு நல்ல செயல். நாம் பிறருக்கு உதவ வேண்டும். உதவினால் மகிழ்ச்சி அடைவோம்." இலக்கணப் பிழை ஏதுமில்லை. உயிரும் இல்லை. மனனம் செய்த சொற்றொடர்களில் உடன்படத்தான் முடியும். மறுத்துப் பேச முடியாது. நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழில் ஆமாம் போடத் தெரியும். மறுக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்திற்குத் தாவிவிடுகிறார்கள். ஒரு மொழியில் கோபப்படவும் வாதாடவும் முடியாத பிள்ளை, நாளடைவில் அந்த மொழியைத் தேர்வுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவைத்துவிடும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஒருமுறை, வரிசையில் நிற்காமல் முந்திச் செல்லும் ஒருவரைக் காட்டும் காணொளியைப் பயிற்சிக்காகப் போட்டேன். தொடக்கநிலை ஐந்து மாணவி ஒருத்தி, "என்னதான் அவசரமாக இருந்தாலும், கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே? அதற்காக அந்தத் தாத்தா அவரை எல்லார் முன்னாலும் திட்டியதும் சரியில்லை" என்றாள். 'என்னதான்… இருந்தாலும்', 'அதற்காக…' என்ற தொடர்களை எங்கே கற்றாள்? எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. விசாரித்தபோது, "பாட்டி நாடகம் பார்க்கும்போது இப்படித்தான் சொல்வார்" என்றாள். ஒரு தரப்பை ஒப்புக்கொண்டே மறுதரப்பை எடுத்துரைக்கும் இத்தகைய வாக்கியங்கள் வாதத்தில்தான் பழகும். வாய்ப்பாடு போல ஒப்பித்தால் வாரா.

பெற்றோர்களுக்குச் சில யோசனைகள்

தொடர் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஓடும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறேன். விளம்பர இடைவேளையில் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். அவர் செய்தது சரியா, ஏன்? அவர் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ கதை எழுதுபவராக இருந்தால் நாளைக்கு என்ன நடக்கும்? முதல் கேள்வி பாத்திரத்தைப் பற்றியது. இரண்டாவது தன்னைப் பற்றியது. மூன்றாவது எழுத்தாளரைப் பற்றியது.

பிள்ளை மாறுபட்ட கருத்தைச் சொன்னால் அடக்கிவிட வேண்டாம். பாட்டி ஒன்று சொல்ல, பேத்தி வேறொன்று சொல்லட்டும். மரியாதை குறையாமல் மறுத்துப் பேசுவது எப்படி என்பதும் நம் மொழியில் உள்ள செல்வமே. "நீங்கள் சொல்வது சரிதான் பாட்டி, ஆனால்…" என்று ஒரு குழந்தை தொடங்கினால், அதைவிடச் சிறந்த வாய்மொழிப் பயிற்சி வேறில்லை. முறையற்ற காட்சி வந்தால் நிறுத்திவிட்டு, அது ஏன் முறையற்றது என்பதையும் தமிழிலேயே சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் இதைச் சற்று மாற்றிச் செய்யலாம். மாணவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் இளமையில் கேட்ட வானொலி நாடகம் அல்லது படித்த தொடர்கதை ஒன்றைப் பற்றியும், அதில் தமக்குப் பிடிக்காத முடிவைப் பற்றியும் கேட்டு வந்து சொல்லட்டும். பிடித்ததைக் கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். பிடிக்காததைக் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். நம் சமூகத்தின் எழுதப்படாத வரலாற்றில் ஒரு பக்கம் அப்படிக் கிடைக்கும்.

கல்கி தம் வாசகர்களுக்கு விடை எழுதியதற்குக் காரணம், அவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதே. அந்தக் கேள்வி கேட்கும் மரபு நம் வீடுகளில், நம் தாய்மார்களின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது பிள்ளைகளின் நாவுக்கும் வந்து சேர வேண்டும். உங்கள் வீட்டில் எந்தத் தொடர் எந்த வாதத்தைக் கிளப்பியது என்பதை அறிய ஆவலாக உள்ளேன்.